டிஏசியை (டிஜிட்டல் எண்களை ஒலிக்கான மின்சிக்னலாக மாற்றும் கருவி) நாமே கட்டினால் ஒலி மேம்படுமா? எந்த சிப் வாங்குவது நல்லது?

நிச்சயம் மேம்படும். சால்டரிங் பழக்கமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், கணினியின் ஹெட்போன் துளையில் வருவதைவிடத் தெளிவான ஒலியைத் தரும் டிஏசியை நீங்களே கட்டிவிடலாம். ஆனால் எந்த சிப் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இன்று கிடைக்கும் டிஏசி சிப்களில் சுமாரானதுகூட நம் காதுக்குப் போதுமானது. ஒலி கெடுவதும் தேறுவதும் சிப்பைச் சுற்றியுள்ள அரை அங்குலத்தில்தான். எந்த மின்சாரம் உள்ளே வருகிறது, கிரவுண்ட் எந்த வழியாகத் திரும்புகிறது, நேரத்தைக் கணக்கிட்டுத் தரும் கிளாக் எங்கிருந்து வருகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் மலிவான சிப்பும் நன்றாகப் பாடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. சிடி தரத்தில் விநாடிக்கு 44,100 முறை 16 பிட் எண் ஒன்று வருகிறது. 16 பிட் என்றால் 65,536 படிகள். வழக்கமான 2 வோல்ட் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) வெளியீட்டில் அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே 5.66 வோல்ட். அதைப் படிகளால் வகுத்தால் ஒரு படி சுமார் 86 மைக்ரோவோல்ட். சப்ளை வோல்டேஜை நிலையாக வைக்கும் பிரபலமான எல்எம்317 ரெகுலேட்டர் தன் வெளியீட்டில் 0.003 சதவீத அளவுக்கு இரைச்சல் போடுகிறது, 3.3 வோல்ட்டில் அது ஏறக்குறைய 100 மைக்ரோவோல்ட், அதாவது ஒரு படியைவிட அதிகம். சிப் இதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், உண்மைதான். ஆனால் பல சிப்களில் அனலாக் சப்ளையை வைத்துத்தான் வெளியீட்டின் அளவே தீர்மானமாகிறது. அளக்கும் கோலே நீண்டு சுருங்கினால் அளவு எப்படிச் சரியாக இருக்கும்?

முதல் டிஏசிக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பது பிசிஎம்5102ஏ சிப். 3.3 வோல்ட் ஒன்று போதும். எதிர்மின் சப்ளையை உள்ளேயே உருவாக்கிக்கொள்ளும். அதனால் வெளியீடு பூஜ்யத்தை மையமாக வைத்து 2.1 வோல்ட் வரை வருகிறது, வழியில் டிசியைத் தடுக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் தேவையில்லை. தனி மாஸ்டர் கிளாக்கும் வேண்டாம். அதற்கான எஸ்சிகே பின்னைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் தரவோடு வரும் பிட் கிளாக்கிலிருந்தே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும். தயார் போர்டு வாங்கினால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சில போர்டுகளில் அங்குள்ள ஜம்பர்களுக்கு (பின்களின் நிலையைத் தீர்மானிக்கும் இணைப்புகள்) ஈயம் வைக்காமலே அனுப்புகிறார்கள். எக்ஸ்எஸ்எம்டி என்ற மியூட் பின் உயர்நிலையில் இல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சத்தமே வராது. சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் அந்தப் பின்னில் 3.3 வோல்ட் இருக்கிறதா என்று மீட்டரை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது சப்ளை. நேரமும் காசும் செலவழிக்கத் தகுதியான இடம் இதுதான். எல்டி3042 போன்ற குறைந்த இரைச்சல் ரெகுலேட்டரில், 10 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை சேர்த்துப் பார்த்தாலும் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட்தான். ஆனால் கையால் சால்டர் செய்ய அது படுத்தும், தயார் மாட்யூலாக வாங்குவது நல்லது. எல்எம்317தான் இருக்கிறது என்றால் அதன் அட்ஜஸ்ட் பின்னில் 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுங்கள். ரிப்பிளை (சப்ளையின் ஏற்ற இறக்கத்தை) தடுக்கும் திறன் 65 டெசிபலிலிருந்து 80 வரை ஏறும். அப்புறம், சிப்பின் ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், பின்னை ஒட்டியே. ஓர் அங்குலம் தள்ளிப் போட்டால் அந்த டிராக்கின் இண்டக்டன்ஸே கெப்பாசிட்டரின் வேலையைக் கெடுத்துவிடும். விலை உயர்ந்த ஆடியோ கெப்பாசிட்டரை நீண்ட கால்களோடு தொங்கவிடுவதைவிட, சாதாரண சிறு செராமிக்கைச் சரியான இடத்தில் வைப்பது எவ்வளவோ மேல்.

கட்டி முடித்ததும் பாட்டு போடாதீர்கள். எதுவும் ஓடாதபோது ஆம்ப்ளிஃபயர் வால்யூமை மெல்ல ஏற்றி, ஸ்பீக்கர் அருகே காதை வையுங்கள். நான் கட்டிய ஒன்றில் இப்படிக் கேட்டபோது ஊசிபோல மெல்லிய விசில் ஒன்று வந்தது. மவுஸை நகர்த்தினால் கரகரத்தது. வெளியீட்டைச் சவுண்டு கார்டில் கொடுத்து எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) போட்டுப் பார்த்ததும் 8 கிலோஹெர்ட்ஸில் கூர்மையாக ஒரு கோடு, அதன் மடங்கான 16-இல் இன்னொன்று. ஹைஸ்பீட் யுஎஸ்பி 125 மைக்ரோவிநாடிக்கு ஒரு முறை தரவு அனுப்புகிறது, அதாவது விநாடிக்கு 8,000 முறை. ஆக விசில் எங்கிருந்து வருகிறது என்பது கோட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டினேன், விசில் பெரும்பாலும் அடங்கியது. சார்ஜரின் எர்த்தும் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம். அதில் ஓடிய மின்னோட்டம் டிஏசியின் கிரவுண்ட் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. யுஎஸ்பி போர்டுக்கும் டிஏசிக்கும் நடுவே, மின்தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் ஐசொலேட்டர் சிப் வைத்து, டிஏசிக்குத் தனி டிரான்ஸ்பார்மர் சப்ளை கொடுத்ததும் அந்தக் கோடு இரைச்சல் தளத்தில் மூழ்கிப்போனது. ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: வளையத்தை உடைக்கிறேன் என்று ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை வெட்டவே வெட்டாதீர்கள். அது உயிர் காக்கும் கம்பி. ஐசொலேட்டரோ ஆப்டிகல் கேபிளோ பயன்படுத்துங்கள்.

கிளாக் விஷயத்தில் தேவைக்கு மேல் பயப்பட வேண்டாம், அலட்சியமும் கூடாது. 44.1 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு 22.5792 மெகாஹெர்ட்ஸ், 48 குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று கிளாக் தரும் இரண்டு ஆசிலேட்டர்கள் இருந்தால் எல்லாமே முழு எண்ணால் வகுபடும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை நேரடியாக இணைத்தால் அதன் அடிப்படைக் கிளாக் இந்த எண்களுக்குப் பொருந்தாது. பின்ன வகுத்தியால் தோராயமாக்கித்தான் தருகிறது. கேட்க முடியாத அளவுக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆசிலேட்டர்களை டிஏசி போர்டிலேயே வைத்து, ராஸ்பெர்ரி பை அவற்றைப் பின்தொடரும்படி செய்யும் அமைப்பு சுத்தமானது. எப்படியிருந்தாலும் டிஏசிக்கு ஒலித் தரவைக் கொண்டுவரும் ஐ2எஸ் கம்பிகளைச் சில சென்டிமீட்டருக்குள் முடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கிரவுண்ட் கம்பி ஓடட்டும், அனுப்பும் முனையில் 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் தொடராக இருக்கட்டும். சிக்னலின் விளிம்பில் வரும் அதிர்வு அடங்கிவிடும்.

வெளியீட்டில் 470 ஓமும் 2.2 நானோஃபாரட்டும் சேர்ந்த ஃபில்டர். வெட்டும் இடம் சுமார் 154 கிலோஹெர்ட்ஸ். இந்த 2.2 நானோஃபாரட் சி0ஜி என்ற செராமிக் வகையாகவே இருக்க வேண்டும். எக்ஸ்7ஆர் வகையில் வோல்டேஜ் மாறும்போது கெப்பாசிடன்ஸும் மாறும், அதுவே டிஸ்டார்ஷனாக வெளியே வரும்.

ஒலியைச் செதுக்கும் கட்டத்தில் பலரும் ஓபாம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) மாற்றுவதில் இறங்குகிறார்கள். என்இ5532 இருந்த சாக்கெட்டில் அதைவிடப் பல மடங்கு வேகமான எல்எம்4562-ஐச் செருகினால், டீகப்ளிங் (சப்ளை பின்னருகே வைக்கும் கெப்பாசிட்டர்) சரியில்லாத போர்டில் அது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் தானாகவே ஆசிலேட் ஆகலாம். 'ஒலி மாறிவிட்டது' என்று சொல்வோம். மாறியது கெட்ட பக்கமாகவும் இருக்கலாம். ஆசிலாஸ்கோப்பில் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து படத்தைச் சேமியுங்கள். ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் லைன்-இன் உள்ள சவுண்டு கார்டும் போதும். முதலில் கார்டின் வெளியீட்டை அதன் உள்ளீட்டிலேயே கொடுத்து அதன் சொந்த இரைச்சலைத் தெரிந்துகொள்ளுங்கள். 2 வோல்ட் சில கார்டுகளுக்கு அதிகம்; இரண்டு ரெசிஸ்டரால் பாதியாக்கிக் கொடுங்கள். காதால் ஒப்பிடும்போது, ஒப்பிடும் இரண்டு அமைப்புகளின் ஒலி அளவும் 0.1 டெசிபலுக்குள் சமமாக இருக்க வேண்டும். அதாவது ஒன்று 2.00 வோல்ட் தந்தால் மற்றது 2.02-ஐத் தாண்டக் கூடாது. சற்று உரக்க ஒலிப்பதை நம் காது 'நன்றாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளும். சாதாரண மல்டிமீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் துல்லியமாக அளப்பதில்லை, எனவே 200 ஹெர்ட்ஸ் டோனை வைத்துச் சமப்படுத்துங்கள். எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி இன்னொருவர் மாற்றித் தரட்டும்.

இவ்வளவும் கைவந்த பிறகு பிசிஎம்1794ஏ போன்ற சிப்புக்குப் போகலாம். அது வோல்டேஜ் தராது, கரன்ட்தான் தரும். அதை வோல்டேஜாக மாற்ற ஓபாம்ப் கட்டம் ஒன்று வேண்டும், அந்த ஓபாம்ப்புக்கு நேர், எதிர் இரண்டு சப்ளைகளும் வேண்டும். சப்ளையும் லேஅவுட்டும் அங்கே இரட்டிப்பு வேலை வாங்கும், அதனால்தான் முதல் போர்டுக்கு அதைச் சொல்லவில்லை.