பர்மா தேக்கும் பர்மாக் கணக்கும்

அன்புள்ள அக்கா,

செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் பாட்டையா கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறேன். முன்கட்டைச் சீர்செய்து நாலு அறைகளை விருந்தினருக்கு விட்டு, காலையில் ஊரைச் சுற்றிக் காட்டலாம் என்று திட்டம். பங்காளிகளில் இருவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? கடன் வாங்கலாமா? விருந்தினருக்குச் சொல்ல எழுதிய குறிப்பை இணைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள தம்பி,

வேலையை இப்போது விடாதீர்கள். கடன் விஷயத்தை ஒரு நல்ல ஆடிட்டரிடம் கேளுங்கள், எனக்கு அது தெரியாது. லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் நீங்களே என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

உங்கள் குறிப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் டைல்ஸ், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. இரண்டு பக்கம் முழுக்க இதுதான். காரைக்குடியில் எந்தப் பெரிய வீட்டுக்குள் நுழைந்தாலும் இதே வரிசையில் இதையே சொல்கிறார்கள். ஒரு கப்பலின் சரக்குப் பட்டியல் மாதிரி இருக்கிறது. அந்தக் கப்பல் ஏன் வந்தது, அதற்குக் காசு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. படித்த பிள்ளை நீங்கள். உங்கள் பாட்டையா எந்த ஊரில் கடை வைத்திருந்தார் என்றாவது எழுதியிருக்க வேண்டாமா?

சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கத்து வீடு ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். வழிகாட்டி எங்களை வளவில், அதாவது உள்முற்றத்தில், நிறுத்தி, தூண்களைத் தட்டிக் காட்டி, மரம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாம் கட்டில் ஒரு ஆச்சி முறத்தில் கவுனி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டித்தான் போனோம். அவர் யார் என்று வழிகாட்டி சொல்லவில்லை, வந்தவர்களில் ஒருவரும் கேட்கவும் இல்லை. நான் பின்தங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது மணிப்பூர் வழியாக நடந்தே இந்தியாவுக்கு வந்தாராம். கூட வந்தவர்கள் சிலர் வழியிலேயே காலராவில் போய்விட்டார்கள். அவர் கொண்டு வந்தது துணியில் சுற்றிய பேரேடுகளை மட்டும். இனி யாரும் கட்டப்போவதில்லை என்று தெரிந்த கடன்களின் கணக்கு. சாகும்வரை ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் அவற்றை எடுத்து வைத்துச் சந்தனம் பூசினாராம். அந்தக் கவுனி அரிசியே பர்மாவிலிருந்து இந்த அடுப்படிக்கு வந்ததுதான் என்று சொல்லி, கைநிறைய அள்ளிக் காட்டினார். நான் தூணைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தம்பி, அந்தக் கணக்கைச் சொல்லாமல் இந்த வீட்டைக் காட்ட முடியாது. 1852க்குப் பிறகு கீழ் பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவில் பர்மா அரிசிக்கு நல்ல கிராக்கி. சதுப்பை வெட்டி வயலாக்க பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்குக் கொடுக்காது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் கொடுத்தார்கள், நிலத்தை ஈடாக வைத்து. அங்கே வட்டிக்கடையை நடத்தப் போன ஏஜெண்டுகள் மூன்று வருடத் தவணைக்குப் போவார்கள். அத்தனை வருடமும் இங்கே வீட்டையும் நகையையும் நெல்லையும் பார்த்துக்கொண்டது ஆச்சிமார்கள்தான்.

1930க்குப் பிறகு உலக மந்தம். நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937இல் 25 பங்காகிவிட்டது. அவர்கள் விரும்பியது பணத்தை, கைக்கு வந்ததோ விற்க முடியாத நிலம். ஆனால் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆறுதல்? அவன் கோபமும் நியாயம்தான். அப்புறம் போர், விடுதலை, நாட்டுடைமை. 1960களில் மிச்சமும் போனது. வீடுகள் பூட்டப்பட்டதற்கு இதெல்லாம்தான் பெரிய காரணம். விருந்தினர் "ஏன் யாரும் இங்கே குடியில்லை?" என்று கட்டாயம் கேட்பார். "எல்லாரும் வெளியூரில் செட்டிலாகிவிட்டார்கள்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் சொன்னால் வந்தவர் முகம் சுளிப்பார், தொழில் கெடும் என்று பயப்படுகிறீர்களா? காசு கொடுத்து இவ்வளவு தூரம் வருகிறவருக்கு ஒரு மனிதக் கதையைத் தாங்கும் நெஞ்சு இருக்கும். வெறும் பெருமையைக் காட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு மதியமே கிளம்பிவிடுவார். மரவை என்கிற பர்மா அரக்குப் பாத்திரம் ஒன்றைக் கையில் கொடுத்து, இது எந்த ஊர் அரக்கு, யார் வாங்கி வந்தார், அவர் திரும்பி வந்தாரா என்று சொல்லுங்கள். ராத்திரி தங்கிக் கேட்பார். அந்தச் சுவரைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய கொத்தனார் குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால், பூச்சு வேலையை அவர்களுக்கே கொடுங்கள், பேரையும் குறிப்பில் போடுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லை ஆத்தங்குடியிலேயே, கண்ணாடி மேல் சிமெண்ட் ஊற்றிச் செய்கிறவர் கையால் வாங்குங்கள். பழைய கதவு வேண்டும் என்று காரைக்குடி கடைத்தெருவில் மட்டும் தேடாதீர்கள். அங்கே நிற்கும் கதவுகளில் நிறையவும் உங்கள் வீடு மாதிரியே ஒரு வீட்டை இடித்து வந்தவை. கேட்கவே வயிறு எரிகிறது.

பங்காளிகள் விஷயம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஒரு கூரை ஓட்டைக்கூட மாற்றக் கூடாது. ஆனால் முதலில் பத்திரத்தோடு போய் நிற்காதீர்கள். ஒத்துக்கொள்ளாத அந்த இருவர் வீட்டுக்கும் வெறுங்கையோடு போய், பர்மாவைப் பற்றிக் கேளுங்கள். கடிதம், பேரேடு, பழைய போட்டோ ஏதாவது அவர்களிடம் இருக்கலாம். அவர்கள் சொன்னதை எழுதி, அவர்களுக்கே முதலில் படித்துக் காட்டி, அப்புறம் எனக்கு அனுப்புங்கள். சரி, அதுவரை அந்தப் பழைய குறிப்பை அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா