பழைய இடாப்பில் படிப்புச் சுமையைத் தேடுவது எப்படி?

கேள்வி: எங்கள் பாடசாலை வெள்ளைக்காரர் காலத்து அரசாங்கப் பாடசாலை. அன்றைய பிள்ளைகளுக்கும் அளவுக்கு மிஞ்சிய படிப்பு இருந்ததா என்று ஆண்டு மலருக்கு எழுதவேண்டும். ஒரு சம்பவத் திரட்டும் சில வரவு இடாப்புகளுமே கையில் உண்டு. எதைப் பார்ப்பது?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் சம்பவத் திரட்டைப் பார்த்து, வித்தியாதரிசி (பாடசாலைப் பரிசோதகர்) சோதனை எடுக்க வந்த திகதிகளை எழுதி எடுங்கள். சோதனை நெருங்கும் கிழமைகளில்தான் பாரம் கூடும். ஒவ்வொரு திகதிக்கும் முந்திய ஆறு கிழமை வரவை வகுப்பு வகுப்பாகக் கூட்டுங்கள். இடையில் பெயர் வெட்டப்பட்ட பிள்ளைகளைத் தனியே குறியுங்கள்.

மார்கழி மழைக்கு வரவு விழும். அறுவடைக்கும் கரைவலைக்கும் பிள்ளைகள் போய்விடுவார்கள். அதைப் படிப்புக் களைப்பு என்று எழுதினால் கட்டுரையே பிழைத்துவிடும். ஒரே மாதத்தை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மழையால் விழுந்தது எது, சோதனையால் விழுந்தது எது என்று பிரித்தறியலாம். சோதனைக் கிழமையில் வரவு திடீரென ஏறியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், வீடு வீடாக ஆள் அனுப்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கலாம்.

ஆசிரியர்கள் ஏன் அப்படி நெருக்கினார்கள்? இங்கிலாந்தில் 1862 அரசாங்க மானிய விதிப்படி, 200 தடவைக்கு மேல் வந்த பிள்ளை (காலை, பின்னேரம் தனித்தனிக் கணக்கு) வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றில் ஒன்றில் தவறினால் பாடசாலைக்கு மானியத்தில் 2 சிலிங் 8 பென்ஸ் நட்டம். மெலிந்த பிள்ளையையும் விடமுடியாத நிலை. இலங்கையிலும் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுக்குத் தேர்ச்சிக்கேற்ற மானியம் வந்தது. உங்களுடையது அரசாங்கப் பாடசாலை, ஆகவே அந்த விதியை அப்படியே பொருத்தவேண்டாம். ஆங்கில மேல்வகுப்பு இருந்திருந்தால் 1880இல் இங்கு தொடங்கிய கேம்பிரிஜ் பல்கலைக்கழகச் சோதனையைக் கவனியுங்கள்.

சுதந்திரத்துக்கு முன் படித்த பெரியவர்கள் ஊரில் இருந்தால் உடனே போய்க் கேளுங்கள். ஆனால் “அப்போது பாரம் கூடவா?” என்று கேட்கவேண்டாம். 1884இல் லண்டன் ஆரம்பப் பாடசாலைகளில் படிப்புச் சுமையை ஆராய்ந்த வைத்தியர் கிரைட்டன்-பிரவுண், தலைவலி உள்ளவர்களைக் கையுயர்த்தச் சொல்லிக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கை நம்பமுடியாது என்று பாடசாலைப் பரிசோதகர் ஃபிட்ச் மறுத்தார், அது நியாயமே. எத்தனை மணிக்கு எழும்பினீர்கள், எந்த விளக்கில் படித்தீர்கள், எதைப் பாடமாக்கினீர்கள், பிழைத்தால் என்ன தண்டனை என்று கேளுங்கள்.

இடாப்பைப் பிரித்து போட்டோக்கொப்பி எடுக்கவேண்டாம், முதுகு உடைந்துவிடும். யன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படமெடுங்கள். கிழிந்த தாளில் செலோரேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளித்து மையையும் தின்றுவிடும்.