மேடையிலிருந்து வீடு திரும்பிய மகள்

கேள்வி: நானும் என் கணவரும் 30 ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி மகளைப் படிக்கவைத்தோம். அவள் ஐரோப்பாவில் மேற்கத்திய இசை பயின்று, சில ஆண்டுகள் ஓபரா என்னும் இசை நாடக மேடைகளில் பாடினாள். குரல் கெட்டுப்போனதால் ஊர் திரும்பி, இப்போது வீட்டு முன்கூடத்தில் 11 பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறாள். "இதற்காகவா அவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது எனக்குப் பதில் வருவதில்லை. அவளை வேறு வேலைக்குப் போகச் சொல்லலாமா?
– ஒரு தாய், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அன்புள்ள அம்மா, தயவுசெய்து அப்படிச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் மகள் செய்துகொண்டிருப்பது, பாட முடியாமல் போனதற்காகக் கிடைத்த ஆறுதல் வேலை அன்று. ஓபரா உலகில் மிகப் பெரிய மதிப்புக்குரிய ஆசிரியர்களில் ஒருவர் உங்கள் மகளைப் போலவே குரலை இழந்தவர் என்பதை அறிந்தால், சொந்தக்காரர்களின் கேள்வி உங்களை இவ்வளவு வருத்தாது என நினைக்கிறேன்.

அவர் பெயர் மனுவேல் கார்சியா. 1805-இல் பிறந்த அவர், 1825-இல் தம் தந்தையின் குழுவோடு நியூயார்க் சென்று, 20 வயதில் ஓபரா மேடையில் முக்கிய வேடமேற்றுப் பாடினார். இளங்குரலுக்கு மீறிய உழைப்பு அந்தக் குரலைச் சிதைத்துவிட்டது. ஏறத்தாழ 25 வயதில் மேடை வாழ்க்கை முடிந்துபோனது. தம் குரல் ஏன் கெட்டது என்ற கேள்வியை அவர் விடவில்லை. மனிதத் தொண்டை எப்படி இயங்குகிறது என்பதை ஆராய்ந்துகொண்டே பாடக் கற்பித்த அவர், 1854-இல் சிறு கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் செலுத்தி, சூரிய ஒளியை அதன்மீது பாய்ச்சி, பாடும்போது தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். இன்று மருத்துவர்கள் குரல்வளையைச் சோதிக்கும் முறைக்கு ஒரு பாட்டு ஆசிரியர் வழிகாட்டினார் என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

1841-இல், சுவீடனில் புகழ்பெற்றிருந்த ஜென்னி லிண்ட் என்ற 20 வயதுப் பாடகி, ஓயாமல் பாடித் தேய்ந்த குரலோடு பாரிஸில் அவரிடம் வந்தார். கார்சியா பாடம் தொடங்கவில்லை. ஆறு வாரங்கள் பாடவே கூடாது, பேச்சையும் இயன்றவரை குறைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகே பாடம் தொடங்கியது. ஐரோப்பா முழுவதும் கொண்டாடிய குரலாக அது மீண்டது. இந்த வைத்தியத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அளவுக்கு மீறி வெட்டினால் மரத்தில் பால் நின்றுவிடும் என்பதும், அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதும், பட்டைக்கு அடியில் காயம் படாமல் கத்தியைச் செலுத்துவதுதான் கைத்திறன் என்பதும் நீங்கள் 30 ஆண்டுகள் கையால் அறிந்தவை. தம் குரலில் பட்ட காயத்தை நினைவில் வைத்திருக்கும் ஆசிரியர், பிள்ளையின் குரலில் காயம் படுவதற்கு முன்பே கண்டுகொள்வார். பின்னாளில் அதே ஜென்னி லிண்டும் லண்டன் அரச இசைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

மகளின் குரலுக்கு என்ன நேர்ந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அவள் இன்னும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டவில்லையென்றால் முதலில் ஈப்போவுக்கு அழைத்துச் செல்லுங்கள். குரல்நாணில் தோன்றும் சிறு முடிச்சுகள் பல நேரங்களில் ஓய்வாலும் குரல் பயிற்சியாலும் குறைகின்றன. பாடம் நடத்துவதும் தொண்டைக்கு உழைப்புத்தான்; ஒவ்வொரு வரியையும் அவளே பாடிக் காட்டாமல், சுருதியைப் பியானோவில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாடவைக்கட்டும்.

அந்த 11 பிள்ளைகளுக்கு அவளிடம் கிடைப்பது வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஒலிபெருக்கியின்றி, பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டி, அரங்கின் கடைசி வரிசைவரை குரலைச் செலுத்தக் கற்றவள் அவள். நம் தோட்டப்புறப் பிள்ளைகள் கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியைப் பிடித்துத் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்துத் தாங்கிப் பாடும் பழக்கம், திருமுறை ஓதும் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கும் உதவும். ஆனால் ஓபராவின் அதிர்வுக் குரலைத் தேவாரத்தில் ஏற்றிவிடக் கூடாது; அதன் பண்களை ஓதுவாரிடமே கற்க வேண்டும். மேற்கத்திய இசையில் ஆர்வமுள்ள பிள்ளைகளை, லண்டனைச் சேர்ந்த இசைத் தேர்வு வாரியம் (ABRSM) நம் நாட்டிலும் நடத்தும் எட்டு நிலைத் தேர்வுகளுக்கு அவள் ஆயத்தப்படுத்தலாம்.

கட்டணத்தை மட்டும் உறுதியாகச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்தவர் பிள்ளை என்று இலவசமாகத் தொடங்கினால், பிறகு கேட்பது அவளுக்குக் கூச்சமாகிவிடும். வசதியில்லாத ஓரிரு பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுப்பது அவளுடைய முடிவாக இருக்கட்டும்.

இந்த வாரம் ஒரு மாலை, சமையலை முன்னதாகவே முடித்துவிட்டு, அவள் பாடம் நடத்தும் முன்கூடத்தில் ஓர் ஓரமாக நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள்.