ஆஸ்திரேலியாவில் பயிற்சி உளவியலாளருக்கு அலுவலக மேலதிகாரியே மேற்பார்வையாளராக இருந்தால் போதாதா?

போதாது, மேலதிகாரி என்ற பதவி மட்டும் அந்தத் தகுதியைத் தராது. ஆஸ்திரேலிய உளவியல் வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற, முழுப் பதிவுள்ள உளவியலாளர் மட்டுமே மேற்பார்வையாளராக முடியும். அதற்கென உள்ள பயிற்சியை முடித்து, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். மேலதிகாரிக்கே இந்த அங்கீகாரம் இருந்தால் இரு பொறுப்புகளும் ஒருவரிடமே சேரலாம். ஆனால், பணி மதிப்பீட்டுக்கு அஞ்சித் தம் தடுமாற்றங்களைப் பயிற்சி உளவியலாளர் மறைக்கும் அபாயம் அதில் உண்டு என்பதால், வேறொருவரைத் தேடுவதே நல்லது என்பேன். உறவினரும் நெருங்கிய நண்பரும் அறவே கூடாது.

ஐந்தாண்டுக் கல்விக்குப் பின் வரும் ஓராண்டுப் பயிற்சியில் மொத்தம் 1,500 மணி நேரம் கணக்கிடப்படுகிறது. அதில் 80 மணி நேரம் மேற்பார்வைக்கானது. மேற்பார்வைக்கும் தொழில்முறைக் கற்றலுக்கும் உரிய நேரத்தைக் கழித்தால், 17 மணி நேரப் பணிக்கு ஒரு மணி நேரம் என்ற விகிதம் இது. பயிற்சி உளவியலாளர் வாயால் சொல்வதை மட்டும் நம்பி மேற்பார்வையாளர் கையொப்பமிட இயலாது. சிகிச்சை பெறுபவரின் ஒப்புதலோடு அமர்வில் உடனிருந்தோ காணொளிப் பதிவைப் பார்த்தோ, தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பயிற்சி உளவியலாளர் எப்படிக் கேட்டார், எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்பதை நேரடியாகக் கவனிக்க வேண்டும். தேதியும் பேசிய பொருளும் பணிப் பதிவேட்டில் ஏற வேண்டும்.

பயிற்சிக் காலத்தில் வெறுமனே ‘உளவியலாளர்’ என்று பலகை வைக்கக் கூடாது. ‘தற்காலிகப் பதிவு பெற்ற உளவியலாளர்’ என்றே குறிப்பிட வேண்டும். முழுப் பதிவுக்குத் தேசியத் தேர்வும் உண்டு.