வெளியேற்ற எச்சரிக்கை வந்தால்: கேள்வி பதில்

கேள்வி: "ஒப்பந்த நிபந்தனைகளை மீறியுள்ளீர்கள்; சரிசெய்யத் தவறினால் தங்களை வெளியேற்ற நடவடிக்கை எடுக்க நேரிடும்" என்று குடியிருப்பு மேலாளர் கடிதம் அனுப்பியிருக்கிறார். இப்போதே வேறு வீடு பார்க்க வேண்டுமா?

பதில்: கடிதத்தின் கடைசி வினைச்சொல்லைப் பாருங்கள். "நேரிடும்" என்றால் அது எச்சரிக்கை. "இன்ன தேதிக்குள் காலி செய்யவும்" என்றால் அது ஒப்பந்தத்தை முடிக்கும் நோட்டீஸ். நீதிமன்றத்தின் அல்லது தீர்ப்பாயத்தின் முத்திரையோடு வருவது மூன்றாவது வகை, அதில் குறித்த நாளில் ஆஜராகாவிட்டால் நீங்கள் இல்லாமலே உத்தரவு பிறந்துவிடக்கூடும். உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை. மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடிதத்தை இழுப்பறையில் போட்டு மறந்துவிடவும் கூடாது, ஏனெனில் பதில் போகாத எச்சரிக்கை பிற்பாடு "மறுப்பு ஏதும் வரவில்லை" என்ற ஒற்றை வரியாகக் கோப்பில் ஏறிவிடும். குடியிருப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்த காலத்தில் அந்த வரியை நானே பலமுறை எழுதியிருக்கிறேன். உறையையும் தூக்கி எறியாதீர்கள். கெடு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்ற தகராறு வந்தால், அஞ்சல் முத்திரைதான் உங்களுக்குச் சாட்சி.

கேள்வி: பதிலை எப்படி எழுதுவது? மேலாளருக்கு என்மேல் பழைய கோபம் இருக்கிறது என்பதைக் குறிப்பிடலாமா?

பதில்: மேலாளரை மனத்தில் வைத்து எழுதாதீர்கள். சில மாதங்கள் கழித்து, உங்களையும் அவரையும் அறியாத ஒருவர் இந்தக் கோப்பைப் புரட்டுவார், கடிதம் அவருக்கானது. பழைய கோபத்தை நிரூபிக்கச் சான்று இருந்தால் தவிர அதைத் தொடாதீர்கள். இந்த அளவு போதும்:

"தங்களது 4-ஆம் தேதியிட்ட கடிதம் 9-ஆம் தேதி எனக்குக் கிடைத்தது. அதிலுள்ள மூன்று புகார்களில், நடைவழியில் பொருட்களை வைத்திருந்தது உண்மை. 10-ஆம் தேதி அவற்றை அகற்றிவிட்டேன், புகைப்படம் இணைத்துள்ளேன். மற்ற இரண்டையும் மறுக்கிறேன். அவை நிகழ்ந்ததாகக் கூறப்படும் நாள், நேரம், மீறப்பட்ட ஒப்பந்தப் பிரிவு ஆகியவற்றைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்."

உண்மையான ஒன்றை ஒப்புக்கொண்டு, சரிசெய்ததையும் காட்டிவிட்டால், மற்ற இரண்டுக்குமான மறுப்பு வலுப்பெறுகிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மறுப்பவரை யாரும் எளிதில் நம்புவதில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. குற்ற வழக்காக மாறக்கூடிய புகார் ஏதேனும் கடிதத்தில் இருந்தால், வழக்கறிஞரையோ சட்ட உதவி மையத்தையோ பார்க்கும்வரை அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். பதிலை நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியும் கையொப்பமும் வாங்குங்கள்.

கேள்வி: மாதம் தவறாமல் வாடகை கட்டியிருக்கிறேன். ஆனாலும் பாக்கி இருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

பதில்: முழு வாடகைக் கணக்கின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலும் நடந்தது இதுதான்: என்றோ ஒருமுறை தாமதக் கட்டணம் விழுந்திருக்கும், அடுத்த மாதம் கட்டிய பணத்தை முதலில் அதற்கு வரவு வைத்திருப்பார்கள், அதனால் வாடகையில் சிறு தொகை குறைந்து, அந்தக் குறைவுக்கு மறுபடியும் தாமதக் கட்டணம் விழுந்து, ஒரு பழைய தாமதம் மாதாமாதம் குட்டி போட்டுக்கொண்டே வந்திருக்கும். உங்கள் ரசீதுகளை அந்தக் கணக்கோடு வரிக்கு வரி ஒப்பிட்டால், முதலில் எந்த மாதத்தில் பிசகியது என்று தெரிந்துவிடும். பதிலில் அந்த ஒரு மாதத்தைப் பற்றி எழுதினாலே போதும். இனிமேல் பணம் செலுத்தும்போது எந்த மாத வாடகை என்று குறிப்பிடுங்கள்.

கேள்வி: இரவில் சத்தம் போடுவதாகப் புகார். யார் சொன்னார்கள் என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார்.

பதில்: பெயரைக் கேட்டால் பழிவாங்கப் பார்க்கிறீர்கள் என்று தோன்றும். நாளையும் நேரத்தையும் கேளுங்கள். அந்த இரவு நீங்கள் ஊரிலேயே இல்லை என்பது பயணச்சீட்டில் தெரியலாம்.

கேள்வி: கூரை ஒழுகுவதைச் சரிசெய்யும்வரை வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். சில இடங்களில் சட்டம் அதற்கு இடம் தருகிறது, ஆனால் உரிய முறைப்படி செய்தால் மட்டுமே. முறை தெரியாமல் நிறுத்தினால், ஒழுகலைப் பற்றிய வழக்கு வாடகை பாக்கி வழக்காகிவிடும்.

கேள்வி: ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார். இல்லாவிட்டால் பூட்டை மாற்றிவிடுவதாகவும் சொல்கிறார்.

பதில்: தாளை முழுதும் படியுங்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருந்தால் தேதியோடு கையெழுத்திடலாம். "காலி செய்யச் சம்மதிக்கிறேன்" என்று எங்காவது ஒரு மூலையில் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூட்டு விஷயத்தில், பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1997-இல் வெளியிட்ட 7-ஆவது பொதுக் கருத்துரை, வெளியேற்றத்துக்கு முன் உண்மையான கலந்தாலோசனையும் போதிய முன்னறிவிப்பும் சட்டவழித் தீர்வுக்கான வாய்ப்பும் வேண்டும் என்கிறது. தொடர்ந்து வாடகை கட்டாத ஒருவரை வெளியேற்றுவது நியாயமாகலாம் என்பதையும் அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது. அப்போதும் அது சட்டப்படி நடக்க வேண்டும். இது அரசுகளுக்கு வகுத்த நெறி. மேலாளரை நேரடியாகக் கட்டுப்படுத்துவது உங்கள் நாட்டின் வாடகைச் சட்டம்தான், பல நாடுகளில் அச்சட்டம் நீதிமன்ற உத்தரவின்றிப் பூட்டை மாற்றுவதைத் தடை செய்கிறது. அவர் சொன்னதை அன்றே, சொன்ன வார்த்தைகளோடும் நேரத்தோடும் எழுதி, "இன்று தாங்கள் என்னிடம் இவ்வாறு கூறினீர்கள்" என்று அவருக்கே அனுப்பிவிடுங்கள்.