முதல் க்ரூஸர் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

எனக்கு 29 வயது. எட்டு வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், கியர் வண்டி ஓட்டியதில்லை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். ஒரு க்ரூஸர் (தாழ்ந்த சீட்டில் காலை முன்னால் நீட்டி உட்காரும் பைக்) வாங்கி வால்பாறை ஏற வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 மனதில் இருக்கிறது. நண்பர்கள், "வாங்குறதே வாங்குற, சூப்பர் மீட்டியோர் 650 எடு, அப்புறம் மாத்த வேண்டியதில்ல" என்கிறார்கள். அப்பா பஜாஜ் அவெஞ்சர் போதும் என்கிறார். எதை எடுக்கலாம்?

– பெயர் வெளியிட வேண்டாம், கோவை

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்று இருந்தால், கியர் வண்டிக்குத் தனியாக எல்.எல்.ஆர். போட்டு டெஸ்ட் கொடுக்க வேண்டும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தால் 650தான் உங்களுக்கு வசதியாகத் தெரியும். அதன் சீட் உயரம் 740 மில்லிமீட்டர், மீட்டியோர் 350க்கு 765. கால் நன்றாக ஊன்றும். ஆனால் எடை? 650 வண்டி 241 கிலோ, 350 வண்டி 191 கிலோ. நடுவில் ஒரு சிமென்ட் மூட்டை இருக்கிறது. ஓடும்போது அந்த மூட்டை தெரியாது. பெட்ரோல் பங்கில் வரிசை நகரும்போதும், சரிவில் முன்பக்கமாக நிறுத்திவிட்டுப் பின்னால் இழுக்கும்போதும் தெரியும். புதிதாக ஓட்டுபவர்கள் பெரிய வண்டியைக் கீழே போடுவது பெரும்பாலும் இப்படி நிற்கிற, நகர்கிற இடத்தில்தான்.

நானும் போட்டிருக்கிறேன். ஒரு டீக்கடை வாசல், சரளைக் கல். ஹேண்டில்பார் முழுக்க இடதுபக்கம் திரும்பியிருந்தது, வேகம் நடக்கிற வேகம்தான். அந்த நேரத்தில் முன் பிரேக்கைத் தொட்டேன். வண்டி நின்றது, எடை மொத்தமும் இடதுபக்கம் சாய்ந்தது. கால் ஊன்றிய இடத்தில் கல் உருண்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கில் விரலே வைப்பதில்லை. மெதுவாகத் திரும்ப ஹாஃப் கிளட்சும் (கிளட்சைப் பாதி மட்டும் விடுவது) பின் பிரேக்கும் போதும். நீங்கள் விழாமலே இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு கவலை உண்டு. ஸ்கூட்டரில் இடது கை பிரேக். எட்டு வருடப் பழக்கம். கியர் வண்டியில் அதே இடத்தில் கிளட்ச் இருக்கிறது. குறுக்கே நாய் ஓடினால் உங்கள் இடது கை தானாக இறுகும். வண்டி நிற்காது, இன்ஜினிலிருந்து விடுபட்டு உருளும். இந்தப் பழக்கத்தை 191 கிலோ வண்டியில் மாற்றப் பார்க்காதீர்கள். வீட்டிலோ உறவிலோ ஒரு பழைய 100 சிசி வண்டி இருந்தால் இரண்டு மாதம் அதை ஓட்டுங்கள். வலது கையும் வலது காலும் சேர்ந்து பிரேக் போடுவது யோசிக்காமல் வர வேண்டும்.

அப்பா சொல்வதைத் தள்ளிவிட முடியாது. அவெஞ்சர் 220 க்ரூஸ் 163 கிலோதான், சீட் 737. ஆனால் அதில் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் அமைப்பு) முன் சக்கரத்துக்கு மட்டும், பின்னால் டிரம் பிரேக். மீட்டியோரில் இரண்டு பக்கமும் டிஸ்க், இரண்டுக்கும் ஏபிஎஸ். மலைச்சாலை மனதில் இருப்பதால் என் ஓட்டு மீட்டியோர் 350க்குத்தான். ஒரு நிபந்தனை: ஷோரூமில் இன்ஜினை அணைத்துவிட்டு, சீட்டில் உட்கார்ந்தபடி காலால் உந்திப் பத்தடி பின்னால் போங்கள். பிறகு இறங்கிப் பக்கத்தில் நின்று தள்ளிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் பரவாயில்லை. வண்டி உங்களை இழுத்தால் அவெஞ்சர் எடுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. 650ஐ இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

க்ரூஸரில் கால் முன்னால் நீண்டிருப்பதால் ஸ்பீட் பிரேக்கரில் எழுந்து நிற்க வராது, அடி நேரே முதுகெலும்புக்குப் போகும். வேகத்தை முன்பே குறைத்துப் பழகுங்கள்.

வால்பாறைக்கு ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் தடவை அத்தனையும் வேண்டாம். விடியற்காலையில் கிளம்பி ஒன்பதாவது வளைவுக் காட்சிமுனை வரை ஏறுங்கள். ஆழியாறு அணை முழுதாகக் கீழே தெரியும். இறங்கும்போது இரண்டாவது கியர், கிளட்ச் பிடிக்காமல். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் இந்தச் சுகம் உங்களுக்குக் கிடைத்திருக்காது. போய்வந்து எழுதுங்கள்.