அந்தக் குரல் யாருடையது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகி சூசன் வேகாவின் 'டாம்ஸ் ஆல்பம்' கேட்டேன். ஒரே பாட்டு, ஆளாளுக்கு ஒரு தாளம். அவர் தனியாகப் பாடியதே போதும் என்று பட்டது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் பாடும் மரண கானாவையும் இப்போது இப்படித்தான் டிஜே போட்டு ஓடவிடுகிறார்கள். ரீமிக்ஸ் என்றாலே பாட்டைக் கெடுக்கும் வேலைதானே?

– ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள நண்பருக்கு,

தனிக்குரல் மீது எனக்கும் அதே பிடிப்பு உண்டு. நீங்கள் சொல்லும் அந்த ஒரே பாட்டு 'டாம்ஸ் டைனர்', வேகாவின் 1987இல் வந்த 'சாலிட்யூட் ஸ்டாண்டிங்' ஆல்பத்தின் முதல் பாட்டு. வாத்தியமே கிடையாது. நியூயார்க்கில் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். கடைசியில் வார்த்தை தீர்ந்து வெறும் ஹம்மிங். 1990இல் டிஎன்ஏ என்ற இங்கிலாந்து இரட்டையர், யாரையும் கேட்காமல், அந்தக் குரலுக்கு அடியில் டான்ஸ் தாளத்தைப் போட்டார்கள். வாலில் கிடந்த ஹம்மிங்கை எடுத்து முகப்பில் வைத்தார்கள். உலகம் முழுக்க முணுமுணுத்தது அதைத்தான். இதைக் கெடுத்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேட்காமல் எடுத்தது தப்புதான். ஆனால் வேகாவின் இசைத்தட்டுக் கம்பெனி வழக்குப் போடாமல் அதையே முறையாக வெளியிட்டது, அவர் பெயரோடு. பிரிட்டனில் 2ஆம் இடம் வரை போயிற்று. மற்றவர்கள் செய்த வடிவங்களையும் திரட்டி, 1991இல் 'டாம்ஸ் ஆல்பம்' என்று கொண்டுவந்தவரும் வேகாவேதான்.

கானாவிலும் மெட்டு ஒருவரிடம் நிற்பதில்லை. செத்தவரின் பெயரும் அவர் பார்த்த வேலையும் உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கு அது வேறு பாட்டு. டோலக்கு கிடைத்தால் ஒரு மாதிரி, கிடைக்காவிட்டால் தீப்பெட்டி. தாளம் மாறுவது எனக்கு உறுத்தவே இல்லை.

உறுத்துவது வேறு. காசிமேட்டில் ஒரு சாவு வீட்டில் ஒருவர் விடிய விடியப் பாடிக் கேட்டேன். சில மாதம் கழித்து ராயபுரத்தில் ஷேர் ஆட்டோவில் அதே குரல், அடியில் இடிக்கிற பேஸ். பாடுவது யார் என்று டிரைவரைக் கேட்டேன். "தெரிலண்ணா, வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்றார். பாடியவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "செத்தவர் பேர் வர்ற அடி இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். அதை வெட்டியிருந்தார்கள். பாடியவர் பெயரும் இல்லை, யாருக்காகப் பாடினாரோ அவர் பெயரும் இல்லை.

உங்கள் தெருவில் டிஜே போடும் பையன்கள் தெரிந்தவர்களாக இருந்தால், பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வீடியோவில் அவர் பெயரைப் போடச் சொல்லுங்கள். 'டாம்ஸ் ஆல்ப'த்தையும் போட்டுக் காட்டுங்கள். அவர்களுக்கு அதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

அன்புடன்.